வருக என்று சொல்பவர் யார்?

ஒரு வீட்டின் வாசலில் நின்று ‘வாருங்கள்’ என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? வீட்டுக்குரியவருக்கு உண்டு. அவருடைய மக்களுக்கு உண்டு. அவர் சொல்லி வைத்திருந்தால் பணியாளருக்கும் உண்டு. வழியே போகிற ஒருவர் பிறர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு நம்மை உள்ளே அழைத்தால், நாம் தயங்குவோம், ‘வீட்டுக்காரர் எங்கே?’ என்று கேட்போம். குழந்தைக்கும் தெரிந்த செய்தி இது. ஆயினும் இதை உள்ளபடி சிந்தித்துப் பார்க்க, நான் அமெரிக்க நாட்டில் ஒரு மலையடிவாரம் வரை செல்ல வேண்டியிருந்தது.

மகளும் மருமகனும் டென்னஸி மாநிலத்தில் வாழ்கிறார்கள். அவர்களைக் காணச் சென்றிருந்தபோது, ஒரு விடுமுறை நாளில் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்கு என்னை அழைத்துச் சென்றார்கள். ‘ஸ்மோக்கி’ என்றால் புகை படிந்தது என்று பொருள். அடர்ந்த காடுகள் வெளிவிடும் ஆவி, மலைமுகடுகளின்மேல் நீலப் புகைபோல் எந்நேரமும் தவழ்ந்துகொண்டிருப்பதால் வந்த பெயர். நாம் அதைப் புகைமலை என்றே சொல்லிக்கொள்வோம்.

மலை ஏறும் வழியில் காட்லின்பர்க் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஊரை நெருங்கும்போதே ஒரு வரவேற்பு நிலையம். ஊரைத் தாண்டி ஏறத்தாழ இரண்டு கல் தொலைவு சென்றால், பூங்காவின் எல்லைக்குள் சுகர்லாண்ட்ஸ் என்னுமிடத்தில் மற்றொரு நிலையம். முன்னதில் விடுதிகளும் உணவகங்களும் வேடிக்கைக் கூடங்களும் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் வண்ணத்தாள்கள் அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருந்தன. பின்னதில் மலையைப் பற்றிய காட்சிக்கூடம், ஒரு சிறு திரைப்படம், வரைபடங்கள், வழி கேட்போர்க்கு விடை சொல்லச் சீருடை அணிந்த காவலர்கள். கால் ஓய்ந்தவர் அமர இருக்கை, தாகித்தவர்க்குத் தண்ணீர், தூய்மையான கழிப்பிடம். யார் வந்தாலும் புன்முறுவல். எந்நாட்டவர், எச்சமயத்தவர் என்ற கேள்வி இல்லை. வழிப்போக்கனுக்கு உதவுவதை வணக்கத்தோடு சேர்த்துச் சொல்லும் மார்க்கத்தைச் சார்ந்தவன் நான். ஸகாத்துக்குரிய எட்டுப் பிரிவினரில் வழிப்போக்கனையும் ஒருவனாக இறைவன் வைத்திருக்கிறான் அல்லவா? நம் ஊர்களில் முஸாபர்கானா கட்டி வைத்த முன்னோர் நினைவு வந்தது. என் மனம் அந்த நிலையத்தை வாழ்த்தியது.

நுழைவுக் கட்டணம் இல்லை என்பது இன்னொரு வியப்பு. அந்நாட்டின் புகழ்பெற்ற தேசியப் பூங்காக்கள் பலவற்றில் கட்டணம் உண்டு, இங்கு இல்லை. மலையைக் குறுக்கே கடந்து செல்லும் சாலையை டென்னஸி மாநிலம் நடுவண் அரசிடம் ஒப்படைத்தபோது, அதில் சுங்கம் வாங்கலாகாது என்று நிபந்தனை விதித்ததாம். 2023 மார்ச்சு முதல், 15 நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்துவோர் மட்டும் ஒரு சீட்டு வாங்க வேண்டும். மற்றபடி மலை எல்லார்க்கும் திறந்தே கிடக்கிறது. ஆண்டுதோறும் 1 கோடிக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாகின்றன. அந்நாட்டுத் தேசியப் பூங்காக்களில் இதற்கு வருவோர்தாம் மிகுதி.

பேத்தியின் கேள்வி

மலைமக்களின் பழைய வாழ்க்கையைக் காட்டும் சில படங்களும் அங்கே என் கண்ணில் பட்டன. மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடில்கள், ஏர் பிடித்த கைகள், வாசலில் வரிசையாக அமர்ந்த குடும்பங்கள். ஒன்பது வயதுப் பேத்தி ஒரு படத்தின்முன் நின்றுவிட்டாள். “நன்னா, இவங்க எல்லாம் இப்ப எங்கே இருக்காங்க?” என்று கேட்டாள். “போய்விட்டார்கள் அம்மா” என்றேன். “ஏன் போனாங்க?” என்றாள். “பூங்கா வந்ததால்” என்றேன். அவள் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்ப நாம யார் வீட்டுக்கு வந்திருக்கோம்?” என்றாள்.

இதற்கு விடை சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை. லுஹர் வக்து நெருங்கிவிட்டது என்று சொல்லி அவளை வெளியே அழைத்து வந்தேன். மரநிழலில் துணி விரித்து, வடகிழக்கு நோக்கி நின்றோம். அங்கிருந்து கிப்லா அத்திசையில்தான். மேற்கு நோக்கியே தொழுது பழகிய என் உடம்புக்கு அது புதிது. பூமி முழுவதும் நமக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) அருளியிருக்கிறார்கள். ஆனால் தக்பீர் கட்டும் முன் இளமையில் ஓதிய மற்றொரு பாடமும் நினைவுக்கு வந்தது. பிறரிடமிருந்து அபகரித்த நிலத்தில் தொழலாமா என்று நம் இமாம்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கடமை நிறைவேறிவிடும், ஆனால் பாவமும் உண்டு என்பது ஷாபி மத்ஹபின் நிலை. தொழுகையே நிறைவேறாது என்பது ஹன்பலி மத்ஹபில் பெயர்பெற்ற கருத்து. தொழுகையாளி நிற்கும் மண்ணின் வரலாற்றைக்கூடச் சட்டம் கேட்கிறது. வெறும் அழகில் மயங்கி நிற்பவனை அது கேளாமல் விடுமா?

இப்பூங்கா அபகரித்த நிலம் என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. வழக்கு அவ்வளவு எளியதன்று. உள்ளதை உள்ளபடி முதலில் பார்ப்போம்.

மலையின் கதை

இம்மலைகள் செரோக்கி மக்களின் தாயகம். வெள்ளையர் வந்தபின் ஒப்பந்தத்தின்மேல் ஒப்பந்தமாக நிலம் அவர்கள் கையை விட்டு நழுவிற்று. 1838-ஆம் ஆண்டில் எஞ்சிய நாட்டையும் விட்டு மேற்கே செல்லுமாறு படையைக் கொண்டு அவர்களைத் துரத்தினார்கள். ஏறத்தாழ 16,000 பேர் துரத்தப்பட்டனர்; வழியிலும் முகாம்களிலும் மாண்டோர் சுமார் 4,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த வழியைக் ‘கண்ணீர்த் தடம்’ என்று இன்றும் அழைக்கின்றனர். ஒரு சிறு கூட்டத்தார் மட்டும் எப்படியோ மலைப்பக்கத்தில் தங்கினர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் பூங்காவின் தெற்கெல்லையை ஒட்டித் தமக்கென உள்ள நிலத்தில் வாழ்கிறார்கள்.

செரோக்கியர் இழந்த பள்ளத்தாக்குகளில் வெள்ளைக் குடியானவர்கள் குடிசை கட்டி, சோளம் விதைத்து, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் மரக் கம்பெனிகள் வந்தன. தண்டவாளம் போட்டு, மலையின் பெரும்பகுதிக் காட்டை வெட்டிச் சாய்த்தன. வெட்டிய இடங்களில் தீப்பிடித்தது. மண் கரைந்து ஆற்றில் ஓடிற்று. இதைக் கண்டு மனம் நொந்த சிலர், இம்மலையைத் தேசியப் பூங்காவாக்க முயன்றனர்.

மேற்குப் பகுதியில் அமைந்த பழைய பூங்காக்கள் பெரும்பாலும் அரசுக்கே உரியனவாயிருந்த நிலங்களில் எழுந்தவை. இங்கோ நிலம் முழுவதும் கம்பெனிகளிடமும் குடியானவர்களிடமும் இருந்தது. துண்டு துண்டாக விலைக்கு வாங்க வேண்டும். 1926-இல் காங்கிரசு சபை பூங்காவுக்கு அனுமதி அளித்தது. ஆனால் நிலம் வாங்கப் பணம் தரவில்லை. டென்னஸி, வட கரோலினா ஆகிய இரு மாநிலங்களும் பணம் ஒதுக்கின. பள்ளிப் பிள்ளைகள்கூடத் தம் செப்புக் காசுகளைத் திரட்டித் தந்தார்கள். செல்வர் ஜான் டி. ராக்ஃபெல்லரின் மகன் தம் தாயாரின் நினைவாக 50 லட்சம் டாலர் கொடுக்கச் செய்தார். 1934-இல் பூங்கா நிறுவப்பட்டது. 1940 செப்டம்பர் 2-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட், இரு மாநிலங்களும் சந்திக்கும் நியூஃபவுண்ட் கணவாயில் நின்று அதனை நாட்டுக்கு அர்ப்பணம் செய்தார். இன்று அதன் பரப்பு 5,22,000 ஏக்கருக்கும் மிகுதி.

இந்தப் பரப்புக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியானவர் நிலங்கள் இருந்தன. பலர் கொடுத்த விலையைப் பெற்றுக்கொண்டு மனமுவந்தோ மனமின்றியோ வெளியேறினர். சிலர் மறுத்தனர், மறுத்தவர் நிலத்தை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. கேட்ஸ் கோவ் என்னும் பள்ளத்தாக்கில் ஜான் ஆலிவர் என்பவர் நீதிமன்றம் ஏறி ஆண்டுக்கணக்கில் வழக்காடித் தோற்று, 1937-இல் தம் முன்னோர் திருத்திய மண்ணை விட்டு வெளியேறினார். விலை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மனம் இருந்ததா என்பதுதான் வினா.

இரு மூதாட்டிகளின் விண்ணப்பம்

இவர்கள் நடுவே வாக்கர் சகோதரிகள் என்று பெயர்பெற்ற மணமாகாத பெண்கள் ஐவர், லிட்டில் கிரீன்பிரையர் என்னும் பள்ளத்தாக்கில் தந்தை விட்டுச்சென்ற 122 ஏக்கரில் வாழ்ந்தார்கள். ஆடு வளர்த்து, நூல் நூற்று, தம் துணியைத் தாமே நெய்துகொண்டவர்கள். அவர்கள் எளிதில் அசையவில்லை. இறுதியில் 4,750 டாலருக்கு நிலத்தை விற்றார்கள். ஆனால் சாகும்வரை அவ்வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையைப் பெற்றுக்கொண்டார்கள்.

1946-இல் நாடறிந்த வார இதழ் ஒன்று அவர்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. பூங்காவுக்கு வந்தவர்கள் அவர்கள் வீட்டையும் காணத் திரளாக வந்தார்கள். சகோதரிகள் முகம் சுளிக்கவில்லை. வந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார்கள். ஆப்பிள் வைத்துச் சுட்ட பணியாரங்களையும், கையால் செய்த விளையாட்டுப் பொருள்களையும் விற்றார்கள். சாலையோரத்தில் அவர்கள் வீட்டுக்கு வழிகாட்டும் வரவேற்புப் பலகை ஒன்று நின்றது.

ஆண்டுகள் சென்றன. சகோதரிகள் ஒவ்வொருவராக மறைந்து, இருவர் எஞ்சினர். 1953-இல் அவர்கள் பூங்கா அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். தயவுசெய்து அந்தப் பலகையை எடுத்துவிடுங்கள். நாங்கள் இருவர்தாம் இருக்கிறோம். ஒருத்திக்கு வயது 70, மற்றவளுக்கு 82. இத்தனை விருந்தினரை எங்களால் வரவேற்க இயலவில்லை. இதுவே கடிதத்தின் கருத்து. அவர்களுள் கடைசியானவரான லூயிசா 1964-இல் காலமானார். வீடு இன்றும் இருக்கிறது. காண்போர் கண்டு போகிறார்கள்.

இந்தக் கடிதத்தைப் பற்றி மருமகன் படித்துச் சொன்னபோது, பேத்தியின் கேள்விக்கு ஒரு வகையில் விடை கிடைத்தது. ‘வருக’ என்று எழுதிய பலகையை எடுக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை எவருக்கு இருக்கிறதோ, அவர்தாம் உண்மையில் வீட்டுக்குரியவர். பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும் சரி. அந்த மூதாட்டிகள் சட்டப்படி குடியிருப்போர் மட்டுமே, விற்றுவிட்டவர்கள். எனினும் விருந்தினர் வருகையின் பாரம் அவர்கள் தோளில்தான் விழுந்தது. ஒருவர் பலகை நாட்ட, வேறொருவர் உபசரிக்கும் நிலை எவ்வளவு எளிதாக உண்டாகிவிடுகிறது!

அனுமதி பெறாமல் பிறர் வீட்டில் நுழையாதீர் என்று நம் திருமறை கற்பிக்கிறது. அதோடு நில்லாமல், ‘திரும்பிச் செல்லுங்கள்’ என்று சொல்லப்பட்டால் மனத்தாங்கலின்றித் திரும்பிவிடுங்கள், அதுவே உங்களுக்குத் தூய்மையானது என்றும் போதிக்கிறது. விருந்தினரைக் கண்ணியம் செய்யச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே, விருந்து மூன்று நாள் என்று எல்லை வகுத்து, வீட்டுக்காரரைச் சங்கடப்படுத்தும் அளவு தங்குவது விருந்தினருக்கு ஆகாது என்றும் தடுத்தார்கள். நாம் முதற் பாதியை மேடைதோறும் பேசுகிறோம். இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறோம். விருந்தோம்பலின் பெருமையை விருந்தினனாகப் போகிறவன் பேசிக்கொண்டிருப்பது அழகன்று. விருந்தினனுக்குரிய பாடம் வேறு.

பொது நன்மை என்னும் வாதம்

இனி மறுபக்கத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். ‘அந்தக் குடியானவர்கள் வெளியேறாதிருந்தால் பூங்கா ஏது? மரக் கம்பெனிகள் மிச்சத்தையும் வெட்டித் தீர்த்திருக்கும். இன்று ஏழையும் செல்வனும் ஒரு காசு நுழைவுக் கட்டணமின்றி நடக்கும் காடு இருந்திராது. சில ஆயிரம் பேர் இழந்தார்கள், கோடிக்கணக்கானோர் பெற்றார்கள்.’ இவ்வாதம் பொய்யன்று. வெட்டப்பட்ட காடு மீண்டும் எழுந்து நிற்பதை என் கண்ணால் கண்டேன். 30 வகைச் சாலமாண்டர்கள் அங்கே வாழ்கின்றன. வேறெங்கும் இத்தனை வகையை ஒருசேரக் காண்பது அரிது. 1983-இல் உலகப் பாரம்பரியச் சொத்துகளின் பட்டியலில் அம்மலை சேர்க்கப்பட்டது.

நம் மார்க்கமும் பொது நன்மையை அறியாததன்று. மதீனாவைச் சூழ்ந்த நிலத்தைப் புனித எல்லையாக்கி, அங்கே மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் நபிகள் நாயகம் (ஸல்) தடை செய்தார்கள். பொதுத் தேவைக்காக மேய்ச்சல் நிலத்தை ஒதுக்கி வைக்கும் ‘ஹிமா’ என்னும் முறையும் நம் சட்டத்தில் உண்டு. பொதுத் தீங்கைத் தடுக்கத் தனியொருவர் இழப்பைப் பொறுக்கலாம் என்பது சட்ட அறிஞர்கள் வகுத்த விதிகளில் ஒன்று. ஆனால் அதே அறிஞர்கள் அதன் பக்கத்திலேயே இன்னொரு விதியையும் எழுதி வைத்தார்கள்: ஒருவருடைய நிர்ப்பந்தம் பிறருடைய உரிமையை அழித்துவிடாது. பசியால் சாகும் தறுவாயில் பிறர் உணவை எடுத்து உண்ணலாம்; உயிர் காப்பது கடமை. ஆனால் உண்டதன் விலை கடனாக நிற்கும். தேவை செயலை அனுமதிக்கிறது. கடனைத் தள்ளுபடி செய்வதில்லை.

இதற்கு நம் வரலாற்றில் ஒளிமிக்க சான்றுகள் இருக்கின்றன. மதீனாவில் பள்ளிவாசல் எழுந்த இடம் ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்களுக்கு உரியது. அவர்கள் விலை வேண்டாம் என்றார்கள். அல்லாஹ்வின் இல்லத்துக்கு, அதுவும் அவன் தூதருக்கு, மனமுவந்து தருகிறார்கள். பெற்றுக்கொள்வதில் என்ன குறை? ஆயினும் நபிகள் நாயகம் (ஸல்) விலை கொடுத்தே வாங்கினார்கள். பின்னர் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் மக்கள் பெருகிப் பள்ளிவாசலை விரிவாக்க வேண்டியதாயிற்று. அப்பாஸ் (ரலி) அவர்களுடைய வீடு ஓரத்தில் இருந்தது. கலீஃபா விலை கூறினார். அப்பாஸ் (ரலி) மறுத்தார். வழக்கு உபை பின் கஅப் (ரலி) அவர்களிடம் சென்றது. தீர்ப்பு கலீஃபாவுக்கு எதிராக வந்தது. அரபு நாடு முழுவதும் ஆண்டவர், பாரசீகத்தை வென்றவர், அத்தீர்ப்புக்குத் தலைவணங்கினார். அதன் பிறகே அப்பாஸ் (ரலி), இனி நான் இதை மக்களுக்காக விலையின்றித் தருகிறேன் என்று கொடுத்தார் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

இந்நிகழ்ச்சியில் நம் நெஞ்சைத் தொடுவது எது? இறுதியில் பள்ளிவாசல் விரிந்தது. பொது நன்மை நிறைவேறியது. ஆனால் ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை முதலில் காக்கப்பட்டது. மறுக்க இயலாதவன் தருவது கொடையன்று. மறுக்கும் உரிமையுடையவன் தரும்போதுதான் அது கொடையாகிறது. பெறுபவனுக்கும் அது நெஞ்சில் உறுத்தாத ஹலாலாகிறது.

ஜான் ஆலிவருக்கு அந்த உரிமை முழுமையாகக் கிடைக்கவில்லை. வாக்கர் சகோதரிகளுக்குப் பாதி கிடைத்தது. செரோக்கியர்க்குச் சிறிதும் கிடைக்கவில்லை. நல்லதொரு நோக்கம், நல்லதொரு விளைவு, இடையில் தீராத கடன். இதுவே அம்மலையின் உண்மை நிலை. நன்மையைக் காட்டிக் கடனை மறைப்பது பொய். கடனைக் காட்டி நன்மையை மறுப்பதும் பொய். இரண்டையும் ஒரே நெஞ்சில் தாங்க வேண்டும்; அது கடினம்; ஆனால் நீதி அதுதான்.

விருந்தினன் கடன்

கடன் அரசினுடையது; வந்து போகும் நமக்கு என்ன என்று கேட்கலாம். அந்தக் காட்டின் நிழலில் நாமும் இளைப்பாறினோம். உண்டவன் விலையைப் பற்றிக் கேளாதிருத்தல் முறையன்று. இழந்தவர்க்கு நிலத்தைத் திருப்பித் தர நம்மால் ஆகாது. ஆயினும் நம் அளவுக்கு உட்பட்ட கடன்கள் சில இருக்கின்றன.

முதலாவது, பெயரை அறிதல். அப்பூங்காவின் மிக உயர்ந்த சிகரம் 6,643 அடி. நெடுங்காலம் அது கிளிங்மன் என்னும் அரசியல்வாதியும் படைத்தளபதியுமான ஒருவர் பெயரால் வழங்கிற்று. செரோக்கியர் அதைக் குவோஹி என்று அழைத்தனர்; முசுக்கொட்டை மரங்கள் உள்ள இடம் என்பது பொருள். அவர்கள் முறையாகக் கேட்க, 2024 செப்டம்பரில் அப்பழைய பெயர் மீண்டும் சட்டப்படி சூட்டப்பட்டது. ஒரு பெயரைத் திருப்பித் தருவதால் இழந்த நாடு திரும்பாது. ஆனால் விருந்தினனுக்கு வீட்டுக்காரர் பெயர் தெரிந்துவிடுகிறது. பெயர் அறிந்த வீட்டில் ஒருவன் முன்போல் நடந்துகொள்ள மாட்டான்.

இரண்டாவது, எல்லையை அறிதல். அம்மலையில் ஏறத்தாழ 1,900 கருங்கரடிகள் வாழ்கின்றன என்கிறார்கள். 50 கசத்துக்குள் கரடியை நெருங்குவது அங்கே சட்டப்படி குற்றம். அன்பின் மிகுதியால் உணவு எறிவதும் குற்றம். மனிதனிடம் உண்டு பழகிய கரடி அச்சம் விட்டு அவனைத் தேடி வரத் தொடங்கும். வேறு வழியின்றி முடிவில் அதைக் கொல்லவும் நேரும். எறிந்தவன் படம் எடுத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பான், தண்டனை கரடிக்கு. நம்முடைய அன்புகூடப் பிறர்க்குக் கேடாகலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா? வாக்கர் சகோதரிகளைக் காண வந்தவர்களும் அன்பினால்தான் வந்தார்கள்.

மூன்றாவது, வாங்கியதை வாங்கியபடி வைத்துப் போதல். 2016 நவம்பரில் அம்மலையில் பற்றிய தீ, கடுங்காற்றில் காட்லின்பர்க் ஊருக்குள் பாய்ந்தது. 14 உயிர்கள் போயின. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் சேதமாயின. காட்டில் ஒரு நெருப்புப் பொறி எவ்வளவு பெரிய அமானிதம் என்பதை அவ்வூர் மக்கள் கண்ணீரால் கற்றார்கள்.

அமானிதம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வானங்களுக்கும் பூமிக்கும் மலைகளுக்கும் அமானிதத்தை எடுத்துக்காட்டியபோது, அவை அஞ்சி ஏற்க மறுத்தன என்றும், மனிதன் அதை ஏற்றுக்கொண்டான் என்றும் திருக்குர்ஆன் கூறுகிறது. மலை ஏற்க அஞ்சியதை நாம் ஏற்றோம். ஏற்றுக்கொண்டதன் பின் அந்த மலையையே நம் பொறுப்பில் பெற்றோம். பத்திரம் யார் பெயரில் இருப்பினும், மனிதன் மலைக்கு உரிமையாளன் அல்லன், அமானிதம் காப்பவன். குடியானவனும் அரசும் செரோக்கியரும் நானும் ஒருவர்பின் ஒருவராக அவ்வாசலில் நின்று போகிறவர்கள். மெய்யான வீட்டுக்காரன் ஒருவனே. ஆனால் ‘எல்லாம் அல்லாஹ்வுடையது’ என்று சொல்லிப் பிறர் உரிமையைக் கடந்துவிடலாகாது. எல்லாம் அவனுடையது என்பதனாலேயே, அவன் யாரிடம் எதைக் கொடுத்து வைத்தானோ அதை அவரிடமிருந்து பறிப்பவன் அவனுக்கே கணக்குச் சொல்ல வேண்டும்.

திரும்பும் வழி

மாலையில் நியூஃபவுண்ட் கணவாயில் நின்றோம். மலைகளின்மேல் அந்த நீலப்புகை அடுக்கடுக்காகக் கிடந்தது. பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய விடை கடனாக இருந்தது, சொன்னேன்: “அம்மா, இது அல்லாஹ்வுடைய வீடு. இங்கே முதலில் இருந்தவர்கள் செரோக்கி மக்கள். பிறகு அந்தப் படத்தில் பார்த்தாயே, அவர்கள் இருந்தார்கள். அவர்கள் விட்டுப் போனதால்தான் நாம் இன்றைக்கு இங்கே நிற்க முடிகிறது. அவர்களுக்காகத் துஆச் செய்ய வேண்டும். ஒரு குப்பையும் போடாமல் போக வேண்டும்.” அவள் யோசித்துவிட்டு, “அவங்ககிட்டே சலாம் சொல்லிட்டுப் போகலாமா நன்னா?” என்றாள். “பக்கத்தில்தான் இருக்கிறார்கள்; போகலாம்” என்றேன். கணவாயின் மறுபுறம் இறங்கினால் செரோக்கியர் ஊர். பொழுது சாய்வதற்குள் அங்கே சென்று, அவர்கள் கையால் முடைந்த கூடை ஒன்றைக் கேட்ட விலைக்கு வாங்கி வந்தோம். பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

நாமும் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு மலைகளுக்கும் அருவிகளுக்கும் போகிறோம். வாசலில் ‘நல்வரவு’ என்று எழுதிய பலகை நம்மை மகிழ்விக்கிறது. அப்பலகையைக் கண்டு மகிழ்வதில் தவறில்லை. ஆனால் உள்ளே அடி வைக்கும் முன், இவ்வரவேற்புக்கு விலை கொடுத்தவர் யார், அதன் பாரத்தை இன்று சுமப்பவர் யார், பலகையை எடுக்கச் சொல்லும் குரல் எங்கேனும் மெலிதாகக் கேட்கிறதா என்று ஒரு கணம் செவி சாய்ப்போம். விருந்தினரை உபசரித்த இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் மார்க்கத்தைப் பின்பற்றுவோர் நாம். நல்ல விருந்தினராக இருக்கவும் கற்றுக்கொள்வது நம் கடன். பூமியில் நாம் தங்கும் சிறிது காலத்தை, வீட்டுக்காரர் மனம் நோகாத விருந்தாக ஆக்கிவைக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக!